கேக் பாப்: இருவர் கைவேலை

அன்புத் தங்கைக்கு,

நீயும் உன் அத்தையும் வீட்டிலேயே கேக் பாப் செய்து பிறந்தநாள் விழாக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். படங்களைப் பார்த்தேன். பாண்டா முகம் அழகாக வந்திருக்கிறது. ஆனால், நீ கேட்டிருப்பதெல்லாம் அலங்காரத்தைப் பற்றித்தான். அத்தையைப் பற்றி, கூட இருந்து உதவுகிறார் என்று ஒரே வரி. அது எனக்கு உறுத்தியது. இதில் அவர் பங்கு எதுவென்று சொல்கிறேன், கேள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி 2008-ல் ‘பேக்கரெல்லா’ என்ற பெயரில் கேக் பாப்பை ஊரறியச் செய்தார். 2010-ல் புத்தகமும் போட்டார். கேக்கை உதிர்த்து, கிரீம் சேர்த்து உருட்டி, குச்சி செருகி, சாக்லேட்டில் முக்கும் முறை அது. நமக்கு அதில் புதிது குச்சியும் மேற்பூச்சும்தான். ஈரம் பார்த்து உருண்டை பிடிப்பது, காலமெல்லாம் ரவா லட்டு பிடித்த கைக்குத் தெரிந்த வேலை. அதை அத்தையிடமே விட்டுவிடு.

400 கிராம் கேக்குக்கு நான்கு டேபிள் ஸ்பூன் பட்டர்கிரீம் என்று வைத்துக்கொள். ஆனால் ஒரேயடியாகக் கொட்டாதே. எண்ணெய் ஊற்றிச் செய்த கேக்கில் ஏற்கெனவே ஈரம் அதிகம், இரண்டு ஸ்பூனே போதும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கூடி நிற்க வேண்டும், விரலில் பிசுபிசுக்கக் கூடாது. கிரீம் மிஞ்சினால் உருண்டை குச்சியில் வழுக்கி இறங்கும்; வாயிலும் மாவாக ஒட்டும். ரொம்பப் பெரிதாக உருட்டினாலும் குச்சி தாங்காது.

உருண்டைகளை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வை, ஃப்ரீசரில் வைக்காதே. சில்லென்ற உருண்டையைச் சூடான சாக்லேட்டில் முக்கினால் பூச்சு இறுகிச் சுருங்கும், உள்ளே உருண்டை விரியும். கீறல் விழுவது அதனால்தான். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டு முக்கு. முக்குவதற்கு முன் குச்சி நுனியைச் சாக்லேட்டில் தொட்டுப் பாதி ஆழம் செருகி, அது இறுகும்வரை பொறு. பழகும்வரை காம்பவுண்ட் சாக்லேட்டே நல்லது. கோகோ வெண்ணெய் உள்ள நிஜ சாக்லேட் என்றால் உருக்கி ஆற்றிப் பதப்படுத்தி (டெம்பரிங்), டார்க் வகையை 31, 32 டிகிரியில் வைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு. எதுவானாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கட்டிதட்டிவிடும். தளர்த்தக் கொஞ்சம் எண்ணெய் விடு, பால் கூடவே கூடாது. நிறமும் எண்ணெயில் கரையும் வகையாகவே வாங்கு.

இனி முக்கும் நேரம். ஆழமான டம்ளரில் சாக்லேட். உருண்டையை நேராக இறக்கி, குச்சி சேருமிடம் மூடியதும் நேராகத் தூக்கு. உள்ளே கிளறினால் கழன்றுவிடும். சாய்த்துப் பிடித்து, குச்சி பிடித்த கையின் மணிக்கட்டை மற்றக் கையால் மெல்லத் தட்டிக்கொண்டே திருப்பு. மிஞ்சியது ஒரு பக்கமாகச் சொட்டி இறங்கும். பளபளப்பு மங்குவதற்குள் ஸ்பிரிங்கிள்ஸ் தூவியாக வேண்டும். இறுகிய பிறகு தூவினால் ஒன்றும் ஒட்டாது. முக்குகிறவளே தூவவும் முடியாது. நீ முக்கு, அத்தை தூவட்டும், அப்படியே தெர்மாகோலில் குத்தி நிறுத்தட்டும். பாண்டாவின் கண்ணும் மூக்கும் மட்டும் பூச்சு நன்றாக இறுகியபின் வரைய வேண்டியவை. அது உன் வேலை. ஒரு டப்பாவுக்கு ஒரே வடிவம் போதும். பத்து வடிவம் ஆசைப்பட்டால் பத்தும் அரைகுறையாகும்.

வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்த கிரீம் என்றால் முடித்ததை ஃபிரிட்ஜில் வைக்காதே; வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் ஓடும். கிரீம் சீஸ் போட்டிருந்தால் ஃபிரிட்ஜைத் தவிர வழியில்லை. சின்னக் குழந்தைகள் வரும் விழா என்றால், அவர்களுக்குக் குச்சியை எடுத்துவிட்டு, உருண்டையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுக்கும்படி பெற்றோரிடம் நீயே சொல்லிவிடு. தொண்டையில் சிக்கும் அளவு உருண்டை அது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். டப்பா மேல் ஒட்டும் சீட்டில் உன் பெயரோடு அத்தையின் பெயரையும் எழுது. வரும் பணத்தில் சாமான் செலவு போக மீதியில் சரிபாதியை ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் அவர் கையில் கொடு. வேண்டாம் என்பார். கேட்காதே, கொடு.

அன்புடன்,
உன் அக்கா