விளக்கை நகர்த்து, காசைத் தேய்க்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாத்தாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்த காசுகளின் படங்கள் வந்து சேர்ந்தன. விக்டோரியா ராணியின் நெற்றியில் படப்பையில் உன் அறை டியூப்லைட்டின் வெளிச்சம் நீளமாகப் படுத்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் கறுப்பு. நல்ல கேமரா வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கையில் இருக்கும் போனே போதும், கோளாறு வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

புளி போட்டுத் தேய்க்கலாமா என்றும் ஒரு வரி. தொடாதே! செம்பின் மேல் காலம் ஏற்றிய பச்சையும் பழுப்பும் ஒருமுறை போனால் திரும்பி வராது. காசு சேர்ப்பவர்கள் பளபளவென்று தேய்த்த காசைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

உனக்கு இதைச் சொல்லித்தருவது எளிது. ஒரகடத்தில் க்யூசி என்கிற தரச் சோதனை மேசையில் நீ பார்க்கும் வேலையும் இதுவும் ஒன்றுதான். உலோகத்தில் கீறல் தெரிய வேண்டுமென்றால் விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்து அடிக்கிறீர்கள். சமதளத்தில் பட்ட ஒளி லென்ஸுக்கு வராமல் தெறித்து ஓடிவிடும்; மேடும் விளிம்பும் மட்டும் ஒளிரும். உங்கள் ஆட்கள் டார்க் ஃபீல்டு என்பது அதைத்தான். தேய்ந்த செப்புக் காசுக்கு அதுவே மருந்து.

சங்க காலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்று தமிழியில் (தமிழ் பிராமியில்) பொறித்திருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர், தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. நகத்தளவு காசு, அதில் மயிரிழை மேடாக எழுத்து. நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் அப்படிப்பட்ட எழுத்து இருந்த இடமே தெரியாது. மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்குச் சற்று மேலே இறக்கி, மெதுவாகச் சுற்றிக் கொண்டுவா. ஒரு திசையில் மறைந்திருந்த கோடு இன்னொரு திசையில் எழுந்து நிற்கும். ஆனால் உருவத்தின் தலைமாட்டிலிருந்து வெளிச்சம் வருவதே நல்லது. கால்மாட்டிலிருந்து வந்தால் கண் ஏமாந்து, மேடான முகத்தைப் பள்ளமாகக் காணும்.

வெள்ளி ரூபாய்க்கு இது ஒத்துவராது. தாழ்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு சிறு கீறலும் பெரிதாகி, ராணிக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். இரண்டு எல்இடி விளக்குகளைக் கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் உயரமாக வை, லென்ஸை ஒட்டினாற்போல். டியூப்லைட்டை அணைத்துவிடு, இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் வெள்ளியின் நிறம் கெட்டுவிடும். இணையத்தில் விற்கிற வெள்ளைத் துணிப் பெட்டி எனக்குப் பிடிக்காது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் விழுந்தால் புதுக்காசின் மினுமினுப்பு செத்து, ஈயத் தகடு மாதிரி ஆகிவிடும்.

கண்ணாடி போல் மின்னும் காசு கிடைத்தால் லென்ஸ் பார்க்கும் திசையிலேயே ஒளி இறங்கும் உங்கள் கோஆக்சியல் விளக்கை வீட்டிலேயே செய்யலாம். பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றிக் காசுக்கு மேல் 45 பாகை சாய்த்து நிறுத்து. விளக்கு பக்கத்தில், போன் நேர் மேலே. விளக்குக்கும் காசுக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையை வை. நேர் வெளிச்சம் காசைத் தொடக்கூடாது. கண்ணாடி திருப்பிவிடும் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதால் படம் இருட்டாக வரும். போனில் எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொள்.

அப்போது ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் சிறு நடுக்கமும் படத்தைக் கலைக்கும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் உன் மேசையே அதிரும் என்பாயே, அது ஓய்ந்ததும் டைமர் போட்டு எடு. போன் காசுக்கு நேராக இருக்கிறதா என்று அறிய, காசின் இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்; லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் விழ வேண்டும். ரொம்பக் கிட்டே போகாதே. போனின் நிழலே காசை மூடிவிடும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொள். ஓட்டைக் காலணாவை ஒரு பாட்டில் மூடி மேல் தூக்கி வைத்தால் ஓட்டை வழியே மேசைவிரிப்பின் பூ துருத்திக்கொண்டு தெரியாது.

பாட்டிலில் ஒரு செப்புக் காசு, ஒரு பக்கம் ஆள் நிற்பதுபோலவும் மறுபக்கம் உட்கார்ந்திருப்பதுபோலவும் இருக்கிறது. ராஜராஜன் காசாக இருக்கலாம். அப்படியானால் உட்கார்ந்த உருவத்தின் பக்கத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று நாகரியில் இருக்கும். உன் படத்தில் அந்த இடம் வெறும் கறுப்பு. அதற்கும் வழி உண்டு. 2001-இல் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள்: பொருளும் கேமராவும் அசையாது, விளக்கு மட்டும் இடம் மாறும், அந்தப் படங்களைக் கணினி சேர்த்துக் காட்டும். கிரேக்கக் கடலில் கிடைத்த அன்டிகிதெரா இயந்திரத்தின் எழுத்தைப் படிக்கவும் அது உதவியது. நமக்குக் கணினி வேண்டாம். அந்தக் காசை மட்டும், விளக்கைத் தாழ்வாக எட்டுத் திசையிலும் மாற்றி வைத்து எட்டுப் படம் எடு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பு.

அன்புடன்,
மாமா