பிரிட்ஜை இரவில் நிறுத்தினால் பில் குறையுமா?

"ராவைக்கு பிரிட்ஜ ஓஃப் பண்ணிப் போடு புள்ள, பில் பாதியாகும்." கரடியனாற்றில் பிரிட்ஜ் திருத்தப் போகும் வீடுகளில் எல்லாம் இதே பேச்சு. பாதியாகாது, கால்வாசிகூடக் குறையாது. பாலும் குளத்து மீனும் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

ஒரு பிழையான கணக்குத்தான் இந்தக் கதையை வளர்த்தது. பின்பக்கத் தகட்டில் 100 வோட்ஸ் என்றிருந்தால், அதை 24 மணித்தியாலத்தால் பெருக்கி, மாதம் 72 யூனிட் என்று பயந்துவிடுகிறார்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து காது கொடுத்துக் கேளுங்கள். கொம்பிரசர் உறுமும், உள்ளே போதிய குளிர் வந்ததும் 'டக்' என்று நிற்கும், சூடு ஏறினால் திரும்பத் தொடங்கும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடுகிறது என்று வைத்தாலும் 1 யூனிட், மாதத்துக்கு 30. 2000 வோட்ஸ் கேத்தல் அரை மணித்தியாலம் கொதித்தாலும் அதே 1 யூனிட்தான். கேத்தலை யாரும் குறை சொல்வதில்லை.

இரவில் அடுப்படி சூடு தணிந்திருக்கும், கதவையும் யாரும் திறப்பதில்லை. கொம்பிரசர் ஆகக் குறைவாக ஓடும் நேரம் அது. அந்த நேரம் பார்த்தா நிறுத்துவது? விடிய சுவிட்சைப் போட்டதும், இரவெல்லாம் ஏறிய சூட்டை இறக்கும்வரை அது நிற்காமல் ஓடும். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். உள்ளே சூடு 5 பாகை செல்சியசுக்கு மேலே போனால் கிருமி வேகமாகப் பெருகும். கதவைத் திறக்காமலே வைத்தாலும் குளிர் நாலு மணித்தியாலம் அளவுக்குத்தான் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது நாடே கொதித்தது. இப்போது நம்முடைய வீட்டுக்குள் நாமே மின்வெட்டுப் போடுகிறோம்!

வீட்டு மின் கட்டண முறையில் மாதம் 60 யூனிட் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வீதம் கூடும், நிலையான கட்டணமும் ஏறும். 58 யூனிட் பாவித்த வீடு 63க்குப் போனால் பில் திடீரென்று எகிறுவது அதனால்தான். பழி பிரிட்ஜின் தலையில் விழுகிறது.

ஸ்டெபிலைசர் போட்டால் கறன்ட் குறையும் என்பது பொய். அது பிரிட்ஜைக் காப்பாற்றும், அவ்வளவுதான். ஐஸ் தடிப்பாகப் படிந்தால் நல்ல குளிர் என்பதும் பொய். ஐஸ் குளிரை மறிக்கும். அதற்காகக் கத்தியால் கொத்தாதீர்கள், குழாய் ஓட்டையானால் காஸ் முழுக்கப் போய்விடும்.

உண்மையில் கறன்டைத் தின்பது கதவு றப்பர். திருத்த வரும் பழைய பிரிட்ஜ்களில் வெடித்து, ஊத்தை பிடித்து, ஒரு மூலையில் வாய் பிளந்திருக்கும் றப்பரைத்தான் அதிகம் பார்க்கிறேன். கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா வந்தால் றப்பரை மாற்றுங்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள், சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

செங்கலடிக்குப் பிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தவணைக் காசு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வருடத்துக்கு எத்தனை யூனிட் எடுக்கும் என்று கேளுங்கள். இந்தியத் தயாரிப்பென்றால் நட்சத்திர லேபிளில் அந்த எண் அச்சாகியிருக்கும். எண்ணைக் காட்டாத கடையில் வாங்காதீர்கள்.