தென்னைக்குக் கீழே கிழங்கு

தென்னந்தோப்புக்குள் மூலிகை போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது மரத்தின் வயதைத்தான். 8 வயதிலிருந்து 25 வரை மட்டைகள் பின்னிக்கொண்டு நிழல் கட்டிவிடும். அதற்குமேல் மரம் உயர்ந்த பிறகுதான் வெயில் சாய்வாக உள்ளே இறங்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே லாவெண்டர் வளர்க்கிறார்கள் என்றால், அங்கே கிளையைக் கவாத்து செய்து வெளிச்சத்தை வரவழைக்கலாம். தென்னையில் பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்பில் கை வைத்த மாதிரி. ஆகவே தோப்பு விடுகிற வெளிச்சத்துக்கு ஏற்ற பயிராகத்தான் தேட வேண்டும்.

ஆனைமலைப் பக்கம் என் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. மரத்தைச் சுற்றி ஆறடி அதன் வேருக்கு. அங்கே மண்வெட்டியை விடுவதில்லை. மீதி இடத்தில் கச்சோலம், சித்தரத்தை என்ற கிழங்கு மூலிகைகள்.

இலைக்காக விற்கிற மூலிகையை ஏன் போடவில்லை என்பார்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈதான் காரணம். மட்டையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன்போன்ற கழிவைக் கீழே சொட்டவிடும். அது விழுந்த இலையில் கரும்பூசணம் படரும். கறுத்த துளசியை யார் வாங்குவார்? மண்ணுக்குள் இருக்கிற கிழங்குக்கு அந்தக் கவலை இல்லை. தேங்காய் போடும்போது காயும் மட்டையும் மேலே விழுந்து செடி மடங்கினாலும் கிழங்கு தப்பிவிடும்.

கச்சோலத்தைத் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, வைகாசிக் கடைசியில் மேட்டுப்பாத்தியில் நடுகிறேன். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஏழெட்டு மாதத்தில் இலை காய்ந்து படுத்ததும் தோண்டலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஓடக்காலி நிலையம் 'கஸ்தூரி', 'ரஜனி' என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. சித்தரத்தைக்குப் பொறுமை வேண்டும். ஒன்றரை வருஷமாவது நிலத்தில் கிடக்கணும்.

காயவைப்பதில்தான் காசு இருக்கிறது. வில்லையாகச் சீவி, கொப்பரை காய்கிற களத்தில் போடாமல் தனியாகத் தார்ப்பாயில் உலர்த்துங்கள். கொப்பரை எண்ணெய் வாடை ஏறினால், வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி மோந்துவிட்டு, "இது கொப்பரையா, கச்சோலமுங்களா?" என்று விலையைக் குறைப்பார்.

இன்னொன்று, தென்னைக்கு வேர் வழியாகப் பூச்சிமருந்து கட்டுகிற பழக்கம் இருந்தால் மூலிகையை மறந்துவிடுங்கள். மருந்துக்குப் போகிற சரக்கில் விஷ எச்சம் நிற்கக்கூடாது. வெள்ளை ஈயையும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியிடமே விட்டிருக்கிறேன். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

விலை நிலையில்லாதது. வாங்குகிறவரிடம் பேசிய பிறகே பாத்தி பிடியுங்கள். விதைக்கிழங்கை மட்டும் விற்பனைக்கு முன்பே ஒதுக்கிவிடுகிறேன். விலை ஏறிய வருஷத்தில் அடுத்த நடவுக்கு அதைத் தேடி அலைய முடியாது.