நடைமுறைச் செவிலியர் உரிமத் தேர்வு: ஆயத்த வழிகளுள் தெரிவு செய்தல்

பதிவுபெற்ற செவிலியர் அல்லது மருத்துவரின் வழிகாட்டலின்கீழ் நோயாளிகளுக்கு நேரடிப் பராமரிப்பு அளிக்கும் பணியாளர் அமெரிக்காவில் நடைமுறைச் செவிலியர் என்று அழைக்கப்படுகிறார். அங்கு இப்பணிக்கான பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு அளவினது. அதனை முடித்தவர் பெரும்பாலான மாநிலங்களில் எல்.பி.என். என்றும், டெக்சாஸ், கலிபோர்னியா ஆகிய இரு மாநிலங்களில் எல்.வி.என். என்றும் உரிமம் பெறுகிறார். அவ்வுரிமத்துக்கு வாயிலாக அமைவது, மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியப் பேரவை உருவாக்கி நடத்தும் என்கிளெக்ஸ்-பி.என். தேர்வாகும். இத்தேர்வுக்கு ஆயத்தமாவோர்க்கு மீள்பார்வை நூல்கள், இணைய வினா வங்கிகள், பயிற்சி வகுப்புகள், குழுப் படிப்பு எனப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் எதனைக் கொள்வது என்ற முடிவோ, முன்னர்த் தேறியவர் எதனைப் பயன்படுத்தினார் என்று கேட்டறிந்து எடுக்கப்படுவதே வழக்கமாக இருக்கிறது. ஒருவருக்குக் கைகொடுத்த கருவி அவருடைய குறையை நிரப்பியதாலேயே கைகொடுத்தது. குறை வேறாக உள்ள மற்றொருவருக்கு அதே கருவி பயன்படாமற் போகலாம். ஆகவே தேர்வின் அமைப்பையும் தம் பிழைகளின் தன்மையையும் அறிந்த பிறகு கருவியைத் தெரிவு செய்வதே முறையாகும்.

எந்தத் தேர்வு என்பதை உறுதிசெய்தல்

ஆயத்த வழிகளை ஒப்பிடும் முன், எழுதப்போகும் தேர்வு எது என்பதில் ஐயம் இருத்தலாகாது. கனடாவின் ஒன்ராறியோ, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களில் நடைமுறைச் செவிலியராகப் பதிவு பெற விரும்புவோர் 2022 ஜனவரி முதல் ரெக்ஸ்-பி.என். என்ற தேர்வை எழுதுகின்றனர். ஒன்ராறியோவில் தமிழர் செறிந்து வாழ்வதால், தமிழ் வாசகருள் பலருக்கு நேரடியாக உரிய தேர்வு இதுவே. இதனையும் மேற்சொன்ன பேரவையே உருவாக்கியதால் இரு தேர்வுகளுக்கும் உறவுண்டு எனினும், என்கிளெக்ஸ்-பி.என். தேர்வில் 85 முதல் 150 வரையிலான வினாக்களும் 5 மணி நேரமும் அமைய, ரெக்ஸ்-பி.என். தேர்வில் 90 முதல் 150 வரையிலான வினாக்களும் 4 மணி நேரமும் அமைகின்றன; பின்னதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதலாம். 2022க்கு முன் இவ்விரு மாகாணங்களிலும் சி.பி.என்.ஆர்.இ. என்ற வேறு தேர்வு நடைமுறையில் இருந்ததால், அக்காலத்தில் தேறியவர்களிடமிருந்து பெறும் பழைய குறிப்பேடுகள் பாடப்பொருளுக்கு உதவினாலும், தேர்வின் நடைமுறையை அறிய உதவமாட்டா.

இதனினும் அடிப்படையான வேறுபாடு, நடைமுறைச் செவிலியர் தேர்வுக்கும் பதிவுபெற்ற செவிலியருக்கான என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுக்கும் இடையே உள்ளது. தமிழ்நாட்டில் ஜி.என்.எம். பட்டயமோ பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ பெற்று அமெரிக்கா செல்ல விரும்புவோர் பொதுவாக இரண்டாவது தேர்வையே நோக்கிச் செல்கின்றனர். இரு தேர்வுகளிலும் நோய்களும் மருந்துகளும் ஒன்றே. ஆனால் விடை ஒன்றாக இராது. அமெரிக்க நடைமுறையில், புதிதாகச் சேர்க்கப்பட்ட நோயாளியின் முதல் முழுமையான மதிப்பீட்டைச் செய்வதும் பராமரிப்புத் திட்டத்தை வகுப்பதும் பதிவுபெற்ற செவிலியரின் பொறுப்பு; நடைமுறைச் செவிலியர் தரவுகளைத் திரட்டுகிறார், திட்டத்துக்குப் பங்களிக்கிறார், முன்னரே கற்பிக்கப்பட்டதை நோயாளிக்கு மீண்டும் வலியுறுத்துகிறார். இவ்வெல்லை பணிவரம்பு எனப்படும். ஆர்.என். தேர்வுக்குரிய நூலைக் கொண்டு பி.என். தேர்வுக்குப் படிப்பவர், கூடுதலாகக் கற்பதாகக் கருதிக்கொண்டே, தம் பணிவரம்பை மீறிய விடைகளைத் தெரிவு செய்யும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள நேரிடுகிறது.

கணினி எடைபோடும் விதம்

என்கிளெக்ஸ் தேர்வுகள் 1994 முதல் தகவமைப்புக் கணினித் தேர்வு என்னும் முறையில் நடைபெறுகின்றன, ரெக்ஸ்-பி.என். தேர்வும் அம்முறையினதே. இம்முறையில் அனைவருக்கும் ஒரே வினாத்தாள் வழங்கப்படுவதில்லை. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் கணினி தேர்வரின் திறனை மீண்டும் கணித்து, அவர் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருக்கக்கூடிய வினாவை அடுத்துத் தருகிறது. அவருடைய திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியாகும்போது, குறைந்தபட்ச வினா எண்ணிக்கை நிறைந்திருந்தால், தேர்வு முடிந்துவிடுகிறது. எனவே 85ஆம் வினாவிலேயே கணினி நின்றுவிட்டால் அதனைத் தேர்ச்சி என்றோ தோல்வி என்றோ கொள்ள இடமில்லை. முடிவு தெளிவாகிவிட்டது என்பதையே அது காட்டுகிறது. விடையளித்த வினாவுக்குத் திரும்பிச் செல்லவும் இயலாது. விடையளிக்காமல் கடந்து செல்லவும் இயலாது.

2023 ஏப்ரலில் என்கிளெக்ஸ் மேலும் ஒரு மாற்றம் கண்டது. ஒரே நோயாளியின் குறிப்புகளைத் தொடர்ந்து ஆறு வினாக்கள் எழும் நோயாளர் ஆய்வுகள் மூன்று, மதிப்பெண்ணுக்குரிய பகுதியாக ஒவ்வொரு தேர்வருக்கும் தரப்படுகின்றன. அறிகுறிகளை இனங்காணல், அவற்றைப் பகுத்தாய்தல், சாத்தியக்கூறுகளை வரிசைப்படுத்தல், தீர்வுகளை உருவாக்கல், செயற்படல், விளைவை மதிப்பிடல் என்னும் ஆறு படிகளையும் அவ்வினாக்கள் முறையே சோதிக்கின்றன. பொருந்துவன அனைத்தையும் தெரிவு செய்யும் வினாக்களில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. ஆயினும் தவறான தெரிவு, சரியான தெரிவால் பெற்ற மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பதால், எல்லாக் கட்டங்களையும் குறித்துவைக்கும் உத்தி பயன் தராது.

நான்கு வகைப் பிழைகள்

கருவியைத் தெரிவு செய்யும் முன், பலவகைப் பாடங்களும் கலந்த 85 வினாக்களை ஒரே அமர்வில், இடைநில்லாமல், நூலைப் பாராமல் விடையளித்துப் பார்ப்பது பயனுள்ளது. அவ்வமர்வில் பெற்ற விழுக்காட்டைக் காட்டிலும், தவறிய ஒவ்வொரு வினாவும் ஏன் தவறியது என்று எழுதிவைக்கும் பிழைப்பதிவேடே முக்கியமானது. தவறுகள் பெரும்பாலும் நான்கு வகையுள் அடங்கும்.

முதலாவது அறிவுக்குறை. டிகாக்சின் என்னும் இதய மருந்தைத் தரும் முன் நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பதும், வயது வந்தவருக்கு அது 60க்குக் கீழ் இருந்தால் மருந்தை நிறுத்திவைத்துத் தெரிவிக்க வேண்டும் என்பதும் தெரியாதவர், எத்துணை சிந்தித்தாலும் விடை காணமாட்டார்.

இரண்டாவது முன்னுரிமைப் பிழை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவரின் இரத்த ஆக்சிஜன் செறிவு 91 விழுக்காடு. தைராய்டு சுரப்பி அகற்றப்பட்ட மற்றொருவர் உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருப்பதாகச் சொல்கிறார். எண்ணைக் கண்டு அஞ்சுபவர் முதலாமவரிடம் செல்வார். ஆனால் அந்நோயில் அவ்வளவு செறிவு எதிர்பார்க்கத்தக்கது. உதட்டு மதமதப்போ, அறுவையின்போது பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டு இரத்தக் கால்சியம் குறைந்துவருவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதாலும், அது தசையிறுக்கத்துக்கும் மூச்சுத்தடைக்கும் இட்டுச்செல்லும் என்பதாலும், இரண்டாமவரையே முதலில் காண வேண்டும். இரு நோய்களையும் பற்றித் தனித்தனியே படித்தறிந்தவர்கூட அவற்றை அருகருகே வைத்து எடைபோடும் பயிற்சி இல்லாவிடில் இங்குத் தவறுவார்.

மூன்றாவது, மேலே கூறிய பணிவரம்புப் பிழை. நான்காவது வாசிப்புப் பிழை: வினாவில் உள்ள ‘முதலில்’, ‘மேலும் விளக்கம் தேவை’ போன்ற சொற்களைக் கவனியாது விடுதலும், மருந்துக் கணக்கில் எண்ணைச் சரியாகக் கண்டும் கேட்கப்பட்ட அலகில் விடையளிக்காமையும் இதில் அடங்கும். 1000 மில்லிலிட்டர் திரவத்தை 8 மணி நேரத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 15 துளி வீதம் விழும் குழாயில் செலுத்த வேண்டுமாயின் நிமிடத்துக்கு 31 துளிகள். மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கேட்டால் விடை 125. சூத்திரம் தெரிந்தவரும் வினாவை முடிவுவரை வாசிக்காவிடில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடுவார்.

கருவிகளின் ஒப்பீடு

லிண்டா ஆன் சில்வெஸ்ட்ரியின் சாண்டர்ஸ் வரிசை நூல் போன்ற மீள்பார்வை நூல்கள், ஈராயிரம் பக்க அளவிலான பாடநூல்களின் சாரத்தை உடலுறுப்பு மண்டலங்களின் வரிசையில் தொகுத்துத் தருவதால் அறிவுக்குறைக்கு ஏற்ற மருந்தாகின்றன. ஆயினும் வாசிப்பு, அறிந்துகொண்டோம் என்ற நிறைவை எளிதில் தந்துவிடும். அட்டை முதல் அட்டை வரை படித்து முடிக்க முயல்பவர், சிறுநீரகப் பாடத்தை அடையும்போது இதயப் பாடத்தை மறந்திருப்பார். பதிவேட்டில் அறிவுக்குறை மிகுந்து தோன்றும் அத்தியாயங்களை மட்டும் தேடிப் படிப்பதே இந்நூல்களைப் பயன்படுத்தும் சிக்கனமான வழி.

யூவேர்ல்டு போன்ற வினா வங்கிகள் முன்னுரிமைப் பிழைக்கும் வாசிப்புப் பிழைக்கும் உரியவை. அவற்றின் மதிப்பு வினாக்களின் எண்ணிக்கையில் இல்லை. சரியான விடை ஏன் சரி, ஏனைய மூன்றும் ஏன் தவறு என்று கூறும் விளக்கத்திலேயே உள்ளது. நாளொன்றுக்கு 150 வினாக்களை ஓட்டிவிட்டு விளக்கங்களைப் படியாது விடுபவரைவிட, 50 வினாக்களை எடுத்து, சரியாக விடையளித்தவற்றின் விளக்கத்தையும் சேர்த்துப் படிப்பவர் கூடுதலாகப் பெறுகிறார். வங்கி காட்டும் விழுக்காட்டை மதிப்பெண்ணாகக் கொள்ளுதல் தவறு. தகவமைப்புத் தேர்வில் சரியான விடைகளின் விழுக்காட்டைக் கொண்டு தேர்ச்சி முடிவு செய்யப்படுவதில்லை. ஒரே வங்கியை இரண்டாம் முறை சுற்றிவரும்போது கிடைக்கும் உயர்ந்த விழுக்காடு, நினைவாற்றலைக் காட்டுகிறதே அன்றித் தீர்ப்புத் திறனைக் காட்டுவதில்லை.

பயிற்சி வகுப்புகள் கால ஒழுங்கையும், கேள்வி கேட்க ஓர் ஆசிரியரையும் தருகின்றன. தாமாக அட்டவணை வகுத்துப் படிக்க இயலாதவர்க்கும், பணிவரம்பைப் பற்றிய தெளிவை உரையாடல் வழியே பெற விரும்புவோர்க்கும் அவை பொருந்தும். செலவு மிகுந்த வழியும் இதுவே. தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று விளம்பரப்படுத்தும் வகுப்புகளில், அவ்வுத்தரவாதம் கட்டணத்தைத் திருப்பித் தருவதையோ மறுமுறை இலவசமாகச் சேர்த்துக்கொள்வதையோ, அதுவும் சில நிபந்தனைகளின்கீழ், குறிப்பதே வழக்கமாதலால், நிபந்தனைகளைப் படித்தபின் பணம் செலுத்த வேண்டும்.

குழுப் படிப்பு செலவில்லாத வழி. விடையை மற்றவருக்கு வாய்விட்டு விளக்கும்போது காரணத்தின் ஓட்டை வெளிப்பட்டுவிடும் என்பது அதன் பலம். மூவர் சேர்ந்து தவறான ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவதும், வேகமானவர் மற்றவர்க்காகச் சிந்தித்துவிடுவதும் அதன் பலவீனம். முதலில் ஒவ்வொருவரும் தனியே விடையளித்து, பின்னர்க் கூடிப் பேசுவதால் இப்பலவீனத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.

இவை அனைத்துக்கும் முன்னதாகக் கொள்ளத்தக்கது, பேரவை கட்டணமின்றி வெளியிடும் தேர்வுத் திட்ட ஆவணமாகும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த என்கிளெக்ஸ்-பி.என். திட்டத்தில், பணிப்பகிர்வு, நோயாளியின் உரிமைகள், முன்னுரிமை ஆகியவற்றை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த பராமரிப்புப் பிரிவு 18 முதல் 24 விழுக்காடு வரை இடம்பெறுகிறது. மருந்தியல் சிகிச்சைக்கோ 10 முதல் 16 விழுக்காடே. மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதில் படிப்புக் காலத்தின் பாதியைச் செலவிடும் தேர்வர், இவ்வெண்களைக் கண்டபின் தம் அட்டவணையைத் திருத்திக்கொள்வார்.

யாருக்கு எது

பயிற்சியை அண்மையில் முடித்தவரிடம் பாடப்பொருள் பசுமையாக இருப்பதால், வினா வங்கியை முதன்மையாகவும் நூலைத் துணையாகவும் கொள்வது போதும். படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் கழிந்தவர், முதல் சில வாரங்களை நூலுக்கு ஒதுக்கி, பின்னர்ப் படிப்படியாக வினாக்களுக்கு மாறலாம். மருத்துவமனையில் நெடுநாள் பணியாற்றியவருக்கு ஒரு தனி இடர் உண்டு: ஆள்பற்றாக்குறை உள்ள பிரிவில் வழக்கமாகிவிட்ட குறுக்குவழிகளை அவர் சரியான விடையாகக் கொள்ளக்கூடும். வேண்டிய ஆட்களும் கருவிகளும் உள்ள, விதிமுறைகள் முழுமையாகப் பின்பற்றப்படும் மருத்துவமனையையே தேர்வு கற்பித்துக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் படித்தும் தாய்மொழியில் சிந்திப்பவருக்கு, வினா எதைக் கேட்கிறது என்பதை விடைத்தெரிவுகளைக் காணும் முன் தம் சொற்களில், தமிழிலேயே ஆயினும், ஒரு வரியில் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் வாசிப்புப் பிழையைக் குறைக்கும். ஆனால் முழு வினாவையும் மொழிபெயர்க்க முற்படின் நேரம் போதாது. ஒருமுறை தோற்றவர்க்கு, பாடப்பகுதி தோறும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேல், அண்மையில், கீழ் என்று நிலை காட்டும் அறிக்கை தரப்படுகிறது. என்கிளெக்ஸ் தேர்வை மீண்டும் எழுதக் குறைந்தது 45 நாள் இடைவெளி தேவைப்படுவதால், அந்நாள்களை அறிக்கையில் ‘கீழ்’ எனக் குறிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து தொடங்குவது பொருத்தம். முன்பு பயன்படுத்திய வினா வங்கியையே மீண்டும் நாடாமல் வேறொன்றைக் கொள்வது நலம்.

நாள் குறித்தல்

தேர்வு நாளை எப்போது குறிப்பது என்பதும் ஒரு தெரிவே. படிப்பு முழுமையடைந்தபின் குறிக்கலாம் எனக் காத்திருப்போர்க்கு அம்முழுமை வருவதில்லை. பதிவுக் கட்டணம் செலுத்திய வேகத்தில் நெருங்கிய நாளைக் குறிப்போர் குறையை அறியும் முன்னரே தேர்வறைக்குள் நுழைகின்றனர். இதற்கும் பிழைப்பதிவேடே அளவுகோலாகிறது. அறிமுகமில்லாத வினாக்களைக் கொண்ட, ஐந்து மணி நேர அளவிலான அமர்வுகள் இரண்டை அடுத்தடுத்த வாரங்களில் நடத்தி, அவற்றில் அறிவுக்குறையும் பணிவரம்புப் பிழையும் அரிதாகி, எஞ்சிய தவறுகள் இரண்டு சரியான தெரிவுகளுள் எது முந்தையது என்ற நுண்ணிய வேறுபாட்டில் மட்டும் நிகழ்வனவாக இருப்பின், மேலும் புதிய நூலோ வகுப்போ தேவையில்லை. அந்நிலையில் நாளைக் குறித்துவிட்டு, எஞ்சிய நாள்களில் அப்பதிவேட்டையே திரும்பத் திரும்ப வாசித்தல் போதும்.