இடுப்பு வலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

செஞ்சிப் பக்கம் அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் இடுப்பு வலிக்கிறது என்றால், 'தேய்மானம்' என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். மணிலா மூட்டை தூக்கிய உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும்? என் அப்பாவுக்கும் அதையேதான் சொன்னார்கள். மெடிக்கலில் வலி மாத்திரை, தாங்கவில்லை என்றால் ஒரு ஊசி. அது மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிய மாதக்கணக்கில் ஆனது.

புதுச்சேரி ஜிப்மருக்குக் கிளம்பும் முன், அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டுத் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். ராஜகிரியில் கமலக்கண்ணி அம்மனைப் பார்க்க ஏறும்போது பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் விட்டு விட்டு வந்தன. தீராத தாகம், மலச்சிக்கல், பசியில்லை. அம்மா கடைசியாகச் சொன்னது: "கொஞ்ச நாளா வேட்டி தரையில புரளுது, எத்தனை தடவ தூக்கிக் கட்டினாலும்." முதுகெலும்பு நசுங்கி உயரம் குறைந்திருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

இந்த ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு டாக்டரைப் பார்த்திருந்தோம். மூச்சு வாங்கியதற்கு இரும்புச்சத்து மாத்திரை, சளிக்கு ஆன்டிபயாடிக், வலிக்கு ஊசி. அந்தத் தாளைப் படித்த டாக்டர் முதலில் கேட்டது, "வலி படுத்திருக்கும்போதா, புரளும்போதா?" அசைந்தால்தான் பிடிக்கிறது என்றார் அப்பா. மைலோமாவின் எலும்பு வலி பெரும்பாலும் அப்படித்தான்.

நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்களைச் செய்வது பிளாஸ்மா செல்கள். அவற்றில் ஒரு வகை கட்டுமீறிப் பெருகி, பயனில்லாத ஒரே புரதத்தைக் கொட்டத் தொடங்குகிறது. மஜ்ஜையில் இடமில்லாமல் ரத்தம் குறைகிறது. எலும்பு அரிக்கப்பட்டு அதிலிருக்கும் கால்சியம் ரத்தத்தில் சேர்கிறது. தாகமும் மலச்சிக்கலும் அதனால்தான். புரதம் கிட்னியை அடைக்கிறது. நல்ல எதிர்ப்புப் புரதம் குறைவதால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்து நோய் என்று நாங்கள் அலைந்தது ஒரே நோய்.

நம் ஊர் லேபிலேயே துப்பு கிடைக்கும். ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டுகிறதா? ஹீமோகுளோபின் குறைந்து, கிரியாட்டினின் ஏறியிருக்கிறதா? கல்லீரல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'குளோபுலின்' என்றொரு வரி இருக்கும். அது அல்புமினை விட மிக அதிகமாக இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அப்பாவின் பழைய ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியே போட்டிருந்தது. சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்க்கும் டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஒரு மைலோமா நோயாளியின் சிறுநீரில் கண்டு எழுதிய புரதம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அல்புமினைத் தேடும் பட்டையில் அது சரியாகச் சிக்காது. நோயை உறுதி செய்ய ரத்தப் புரத எலக்ட்ரோபோரசிஸ், லைட் செயின் அளவு, மஜ்ஜைப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் வேண்டும்.

வலி மாத்திரையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோபெனாக் போன்றவை ஏற்கெனவே திணறும் கிட்னியை இன்னும் கெடுக்கும். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கித் தின்பதை வீட்டில் யாராவது ஒருவர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுப்பதற்கு முன்பும் கிட்னி விவரத்தைச் சொல்லிவிடுங்கள். கால் திடீரென மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ காலை வரை காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். முதுகெலும்பு நரம்பு நசுங்கியிருக்கலாம், கால்சியம் எகிறியிருக்கலாம்.

அப்பாவுக்கு வயிற்றுத் தோலில் போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைடு, டெக்சாமெத்தசோன் மாத்திரைகள். டெக்சா சாப்பிடும் நாளில் தூக்கம் வராது, சர்க்கரை ஏறும். அக்கி வராமலிருக்க ஒரு மாத்திரை தனியாகக் கொடுத்தார்கள். எலும்புக்கான சோலெட்ரானிக் அமில ஊசிக்கு முன் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். உடம்பு தாங்குகிறவர்களுக்கு அவரவர் ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையும் உண்டு.

முழுசாகக் குணமாகும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அடக்கி வைக்கலாம் என்றார்கள். 1994இல் வந்த 'நேதாஜி' படத்தில் நடித்த லிசா ரேவுக்கு 2009இல் இதே நோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர் நடித்தார், புத்தகமும் எழுதினார். அதைச் சொன்னபோது அப்பா அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்டார். இப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுகிறோம். அந்த நோட்டுத் தாளும் ரிப்போர்ட்டுகளும் ஒரே மஞ்சள் பையில் தயாராக இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த தொந்தரவை அம்மா தேதி போட்டு அடியில் எழுதச் சொல்கிறார்.