வெல்வெட் எறும்பை இனங்காணல்: ஓர் இளம் வாசகிக்குக் கடிதம்



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ள பகுதியில், இன்னும் கட்டடம் எழும்பாத மனைகளிலும் ஏரிக்கரைகளிலும் வெயில் நேராக விழும் வெற்றுத் தரையே வெல்வெட் எறும்பைத் தேட ஏற்ற இடம். பெயரில் எறும்பு என்றிருந்தாலும் அது முட்டில்லிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த குளவி. தரையில் ஓயாமல் ஓடும் சிறகற்ற உயிர் அதன் பெண், ஆணுக்கோ பெரும்பாலும் சிறகு உண்டு.

எறும்பிலிருந்து அதைப் பிரித்தறிய முதலில் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். எறும்பின் உணர்கொம்பில் முதற்கணு மிக நீளமாக இருப்பதால் கொம்பு இடையில் கோணமாக மடிந்து நிற்கும். வெல்வெட் எறும்பில் அக்கணு குட்டையானது, கொம்பு வளையுமே தவிர அவ்வாறு மடியாது. எறும்பின் இடுப்பில் மேல்நோக்கி எழும் தனித்த முடிச்சும் இதில் பெரும்பாலும் காணப்படாது. மழை பெய்ததும் வெளிவரும் சிவந்த பட்டுப்பூச்சியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் கால்களை எண்ணினால் போதும்: பட்டுப்பூச்சி உண்ணிகளின் உறவு, அதற்கு எட்டுக் கால்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சீனோப்டிகஸ் புல்ச்சர் என்ற சிலந்தியோ வெல்வெட் எறும்பின் தோற்றத்தையே ஏற்று நடமாடுவதால், அதன் முன் அனுபவமுள்ளவர்களும் ஒரு கணம் ஏமாந்துவிடுவார்கள்.

சிலந்தி இந்த வேடத்தை ஏற்பதற்குக் காரணம் குளவியின் கொடுக்கு. முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் பெண் மட்டுமே கொட்டும். பூச்சிகள் கொட்டும் வலியை 1 முதல் 4 வரை தரப்படுத்திய ஜஸ்டின் ஷ்மிட், வட அமெரிக்க வெல்வெட் எறும்பு ஒன்றுக்கு 3 என்ற தரத்தை அளித்தார். ஆகவே வெறுங்கையால் தொடுவது கூடவே கூடாது. இடுக்கியால் பிடித்தால் வயிற்றின் இரண்டாம், மூன்றாம் வளையங்களின் மேல்தகடுகளை ஒன்றோடொன்று உரசிக் 'கிரீச்' என்று ஒலியெழுப்பும். அதன் உடலின் மேலோடு மிகவும் கடினமானது. பிற குளவிகளும் தேனீக்களும் மண்ணில் தோண்டிய கூடுகளுக்குள் நுழைந்து, அங்கே முழு வளர்ச்சியடைந்த புழுவின் மேலோ கூட்டுப்புழுவின் மேலோ முட்டையிடும் வாழ்க்கைக்கு அத்தகைய கவசம் தேவைப்படுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்த உயிரையே தின்று வளர்ந்து இறுதியில் அதைக் கொன்றுவிடுவதால், ஓம்புயிரைக் கொல்லாமல் அண்டி வாழும் ஒட்டுண்ணிகளிலிருந்து இதை வேறுபடுத்தி, கொல்லும் ஒட்டுண்ணி என்று கூறலாம். மண்ணில் கூடு கட்டும் தேனீக்கள் ஒரு மனையிலிருந்து அகன்றால் அவற்றை நம்பியிருக்கும் வெல்வெட் எறும்பும் அங்கிருந்து மறையும் என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

குடும்பத்தை அறிவது எளிது. சிற்றினத்தை அறிவதில்தான் உண்மையான இடர் தொடங்குகிறது. கரிய தலை, செங்கல் நிற நடுவுடல், வெண்புள்ளிகள் கொண்ட கரிய வயிறு என்ற கோலத்தை ட்ரோகாஸ்பிடியா, ராடோஸ்கோவ்ஸ்கியஸ் முதலிய பல ஆசியப் பேரினங்களில் காணலாம். கொட்டும் திறனுள்ள பல இனங்கள் ஒரே எச்சரிக்கை உடையை அணிந்தால், ஒன்றிடம் கொட்டு வாங்கிய பல்லியோ பறவையோ மற்றவற்றையும் விட்டுவிடும். முல்லரின் பெயரால் வழங்கும் இந்த ஒப்புமைக்கு வட அமெரிக்க வெல்வெட் எறும்புகளே மிகப் பெரிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே படத்தோடு நிறத்தை ஒப்பிட்டுப் பெயர் சூட்டுவது இக்குடும்பத்தில் பெரும்பாலும் தவறாகவே முடியும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத வடிவுடையவை என்பதால், அறிஞர்கள் அவற்றை இரண்டு இனங்களாக விவரித்து இரண்டு பெயர்கள் இட்ட நிகழ்வுகள் பல.

லின்னேயஸ் 1758-இல் முட்டில்லா என்ற பேரினத்தை நிறுவினார். பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் 1897-இல் குளவிகளையும் தேனீக்களையும் தொகுத்த பிங்காம், இக்குடும்பத்தின் இந்திய இனங்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே பேரினத்தில் அடக்கினார். பின்வந்தவர்கள் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தனர். 2005-இல் பூச்சியியலாளர் லெலே கீழைத்தேய இனங்களுக்கான பட்டியலை வெளியிட்டார். 2017-இல் அவரும் டெனிஸ் பிரதர்ஸும் உடலமைப்புக் கூறுகளைக் கொண்டு குடும்பம் முழுவதையும் மறுவகைப்படுத்தினர். பழைய நூலில் காணும் பெயரை அப்படியே எழுதிவிடாமல் புதிய பட்டியலில் சரிபார்ப்பது இதனால் இன்றியமையாதது.

நிறத்தை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டியவை உருப்பெருக்கியில்தான் தெரியும். கண் நீள்வட்டமாகவும் அதன் சிறுகண்கள் தெளிவாகவும் இருந்தால் அது முட்டில்லினே என்ற துணைக்குடும்பத்தை நோக்கிச் செல்லும். கண் ஏறக்குறைய வட்டமாகப் புடைத்து வழுவழுப்பாக மின்னினால் ஸ்பீரோப்தால்மினேயை நோக்கிச் செல்லும். இரண்டாம் வயிற்றுத் தகட்டின் பக்கவாட்டில், நெருக்கமான நுண்மயிர் கம்பளித் துணிபோல் படிந்த ஒடுங்கிய கோடு உள்ளதா, நடுவுடலின் பின்பகுதியில் சிறு செதில் எழும்பியுள்ளதா, கடைசி மேல்தகட்டின் மேற்பரப்பு வழவழப்பா வரிவரியா என்பன அடுத்த கேள்விகள். பெண்ணின் உணர்கொம்பில் 12 கணுக்களும் ஆணில் 13 கணுக்களும் இருக்கும். களத்தில் எடுத்த ஒளிப்படத்தில் இவற்றில் பல தெரியாது என்பதால், 'முட்டில்லிடே, பெண்' என்று எழுதி நிறுத்துவது குறைபாடன்று. உறுதியில்லாத சிற்றினப் பெயரைவிட அந்த இரண்டு சொற்கள் ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படும்.

மாதிரி எடுக்க நேர்ந்தால், சென்னை சாந்தோமிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு ஒன்றிரண்டை மட்டும் எடுத்து எத்தில் ஆல்கஹாலில் இடுவது முறை. சீட்டில் ஒரகடம் என்று மட்டும் எழுதினால் போதாது. ஏரியின் பெயர், கரையா மனையா, மண்ணின் தன்மை, நாள், நேரம், அருகில் வளை தோண்டிய தேனீ அல்லது குளவி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும், ஏனெனில் அந்த மனை ஆலையாக மாறிய பின் இவற்றை மீண்டும் கண்டறிய வழியில்லை. ஆணும் பெண்ணும் இணைசேரும் நிலையில் அகப்பட்டால் அது அரிய பேறு. அவற்றைத் தனித்தனிக் குப்பிகளில் இட்டு, இரண்டிலும் ஒரே எண்ணை எழுதி, இணையாகப் பிடிக்கப்பட்டவை என்பதையும் சீட்டில் குறித்து அனுப்புங்கள்.