டச்பேட் அசையவில்லையா?

லினக்ஸ் மடிக்கணினியில் அம்புக்குறி நகராவிட்டால், முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையைப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் டச்பேட் படம் போட்ட விசை ஒன்று உண்டு. கை தவறி அதை அழுத்தியிருந்தாலும் டச்பேட் அணைந்துவிடும். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு மட்டும் டச்பேட் முடங்குகிறதா? அது பெரும்பாலும் டிரைவர் கோளாறுதான். உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டெர்மினல் திறக்கும், மவுஸ் தேவையில்லை. அங்கே 'சூடோ மோட்புரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்' என்று கொடுத்து டிரைவரைக் கழற்றுங்கள். பிறகு '-ஆர்' இல்லாமல் அதே கட்டளையைக் கொடுத்தால் டிரைவர் மறுபடி ஏறிவிடும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டச்பேட் ஐ2சி வழியாக இணைந்திருக்கும்; அவற்றில் பிஎஸ்மவுஸுக்குப் பதில் 'ஐ2சி_ஹெச்ஐடி_ஏசிபிஐ' என்று கொடுக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் பலருக்கும் தெரிவதில்லை.

அப்டேட் செய்த மறுநாள் தொல்லை தொடங்கியதா? கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டச்பேட் ஓடினால் குற்றம் புதிய கெர்னலில். அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே இருங்கள். இதற்காக லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவ வேண்டாம்.